ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த எழுத்து

கேள்வி கேட்டது நான். பதில் போனது என் கணவருக்கு. அந்தக் கடையில் நாங்கள் நின்றிருந்த முக்கால் மணி நேரத்தில் கடைக்காரர் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இத்தனை மாதம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

நான் வீடியோ எடிட்டிங் செய்கிறவள். பழவேற்காடு ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டின் உள் அறைதான் என் வேலையிடம். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, மாதா கோயில் கொடியேற்றம், அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது என்று இந்தப் பக்கத்து விசேஷங்களைப் படம் பிடிக்கிறவர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டு வந்து கொட்டும் காட்சிகளை வெட்டி, ஒட்டி, வண்ணம் சரிசெய்து, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது நான். கல்யாணத்துக்கு முன்னால் பொன்னேரியில் ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருடம் இதே வேலை பார்த்தேன். அங்கிருந்து வரும்போது அவர்கள் கழித்துப் போட இருந்த கம்ப்யூட்டரை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். கணவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கடல் சரியில்லாத நாட்களில் ஏரி.

பழைய கம்ப்யூட்டர் என்னோடு நிறையப் பாடுபட்டது. உப்புக் காற்றில் அதன் திருகாணிகள் எல்லாம் துருவேறி, மூடியைக் கழற்றவே தேங்காய் எண்ணெய் விட வேண்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கேமராக்கள் மாறிவிட்டன. இப்போது வரும் காட்சிகளின் கனத்தை அதனால் தாங்க முடியவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பசியாவரத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்த மஞ்சள் நீராட்டு வீடியோவை முடித்து, கடைசியாக ஒரே கோப்பாக மாற்றும்போது, மூன்று தடவை முக்கால் வாசியில் நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் ஐந்து மணி நேரம் வீண். அந்தப் பெண்ணின் அம்மா படகேறி இரண்டு முறை என் வீட்டுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாவது முறை வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஊர்ல எல்லா பொண்ணுக்கும் வீடியோ வந்துச்சி. எம் பொண்ணுக்கு மட்டும் இன்னா, இன்னிக்கு நாளைக்குனு அலைய வுடற?"

மெஷின் சரியில்லை என்று சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும். நான்காவது முயற்சியில் வீடியோவைத் துண்டு துண்டாக மாற்றி, அதைச் சேர்த்து, நானே படகேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன், புது மெஷின் வேண்டும்.

கையில் இருந்தது கொஞ்சம். ஆகவே படிக்க ஆரம்பித்தேன். படிப்பு என்றால் உண்மையிலேயே படிப்பு. காலையில் சமையல் முடித்த கையோடு உட்கார்ந்து, எந்தப் ப்ராசஸர் என்ன விலை, எத்தனை கோர், எவ்வளவு சூடாகும் என்று நோட்டில் எழுதுவேன். ப்ராசஸர் என்பது கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் சிப், கோர் என்பது அதற்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி. அதுதான் வீடியோவை மென்று விழுங்க வேண்டும். விலை கூடினால் வேகம் கூடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை, ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்று தெரிந்தது. ஓவர்க்ளாக்கிங் என்கிறார்கள். கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேலே சிப்பை நாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி ஓட்டுவது. சூட்டைக் கவனித்துக்கொண்டால், மலிவான சிப்பை அதைவிட ஒரு படி விலை கூடிய சிப்பின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

எனக்கு முதல் கோபம் வந்தது இங்கேதான், கடைக்குப் போவதற்கு முன்பே. ஏனென்றால் எல்லாச் சிப்பையும் அப்படித் தள்ள முடியாது. சிலவற்றைப் பூட்டி விற்கிறார்கள். அந்தச் சிப்பால் இன்னும் ஓட முடியும். ஆனால் ஓடக்கூடாது என்று உள்ளேயே கட்டிப் போட்டிருக்கிறார்கள். கட்டாத சிப் வேண்டுமென்றால் கூடுதல் விலை. அதைத் தள்ளி ஓட்ட அனுமதிக்கும் மதர்போர்டு, அதாவது சிப்பைச் செருகும் பலகை, வேண்டுமென்றால் அதற்கும் கூடுதல் விலை.

இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் வாசலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப அதால ஓட முடியும்."

"முடியும்."

"ஓடக்கூடாதுனு கட்டி வச்சிக்கிறான்."

"ஆமா."

"அத அவுக்கறதுக்குத் தனியா துட்டு கேக்கறான்?"

"அதான் சொல்றேன்."

"இன்னாமே இது அநியாயமா கீது. எஞ்சின வித்துட்டு ஆக்சிலேட்டர்ல கயிறு கட்டி அனுப்பிச்சா நம்ம ஆளுங்க சும்மா வுடுவாங்களா? கம்பெனிக்கே போயி குந்திக்குவாங்க."

அவருக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு மாதமாக நான் படித்ததில் இருந்த அநியாயம் அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தெருவில் யார் என்ன பேசினாலும் "சிப்ப பூட்டி விக்கிறானாம்பா" என்று அவரே ஆரம்பித்துவிடுவார்.

நிறைய ஒப்பிட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். பூட்டு இல்லாத சிப்பையே பெரும்பாலும் விற்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் புதிய வரிசை சந்தைக்கு வந்ததால், அதற்கு முந்தைய வரிசையின் ஆறு கோர் சிப் விலை இறங்கியிருந்தது. அதுதான் எனக்கு. ஆனால் போர்டில் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சிப்பைப் பொருத்தும் போர்டுகளில் மிக மலிவான வகையின் பெயர் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கும். அதில் சிப் ஓடும், எல்லாமே நடக்கும், வேகத்தை மட்டும் கூட்ட முடியாது. அடுத்த வகை 'பி'யில் ஆரம்பிக்கும். அதில் கூட்டலாம். பார்க்க இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். வித்தியாசம் ஓர் எழுத்து. நான் வேண்டிய சாமான்களை ஒரு தாளில் எழுதி, அந்த 'பி'யைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

கடல் கலங்கிக் கிடந்த ஒரு நாளில் இரண்டு பேரும் கிளம்பினோம். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். சென்னையில் மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் கடைத்தெருவில், விலை விசாரித்து விசாரித்து ஒரு கடையில் நின்றோம். நான் தாளை நீட்டினேன். கடைக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? இதோ பாருங்க, இந்த மாடல் எடுத்துக்குங்க. உள்ள லைட்டெல்லாம் எரியும். வீட்ல வெச்சா நல்லா இருக்கும்."

"அந்தச் சிப் பூட்டினது" என்றேன். "எனக்கு ஓவர்க்ளாக் பண்ணணும்."

"ஓவர்க்ளாக்கா?" இப்போதும் கணவரைத்தான் பார்த்தார். "அதெல்லாம் காலேஜ் பசங்க கேம் ஆடறதுக்குப் பண்றது சார். தெரியாம கைய வெச்சா சிப் பொசுங்கிடும். அப்புறம் கடைய குறை சொல்லுவீங்க."

"சார், எனக்கு ஒன்னும் தெரியாது" என்றார் என் கணவர். "மெஷின் அவங்களுது. அவங்களக் கேளுங்க."

"சரி சார். எந்த ஏரியா நீங்க?"

"பழவேற்காடு பக்கம்."

"அட! எறா நல்லா கிடைக்குமே. அடுத்த வாட்டி வரும்போது ரெண்டு கிலோ எடுத்துட்டு வாங்க சார், விலையப் பாத்துக்கலாம்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் அடக்கிக்கொண்டேன். விலை மற்ற கடைகளைவிடக் குறைவாக இருந்தது. அதுதான் காரணம், வேறெதுவும் இல்லை. மூன்றாவது முறையாக என் தாளில் இருந்ததைச் சொன்னேன், எழுத்து உட்பட. "பி, ஏ இல்ல, பி." கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். பெட்டியின் மேல் 'பி' என்று பெரிதாக இருந்தது. சரி என்றேன்.

அந்தப் போர்டு என் சிப்பை அடையாளம் கண்டுகொள்ள, அதற்குள் இருக்கும் ஆரம்ப மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்றார். அது உண்மைதான், நானும் படித்திருந்தேன். மாடியில் ஆள் இருக்கிறார், சிப்பையும் பொருத்திக் கொடுத்துவிடுவார், ஒரு மணி நேரம் ஆகும் என்றார். நாங்கள் வெளியே போய் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தோம். வந்தபோது பெட்டி சுற்றிலும் டேப் ஒட்டித் தயாராக இருந்தது. பில்லில் சாமான்களின் பெயருக்கு எதிரே சீரியல் நம்பர்களை யாரோ நீல மையில் குட்டிக் குட்டியாக, அழகாக எழுதியிருந்தார்கள்.

"பிரிச்சுக் காட்டுறீங்களா?" என்றேன்.

"டேப் போட்டாச்சே சார். பயணத்துல ஆடாம இருக்கத்தான்."

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் வற்புறுத்தவில்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் என் கோபம் என்மேல்தான்.

மறுநாள் காலை மீதி எல்லாவற்றையும் நானே பொருத்தினேன். முதல் முயற்சியிலேயே ஓடியது. கணவர் பக்கத்தில் நின்று, படகு எஞ்சின் முதல் இழுப்பில் பிடித்துக்கொண்டால் தலையாட்டுவாரே, அப்படித் தலையாட்டிவிட்டுப் போனார். மெஷின் ஆரம்பிக்கும்போது வரும் அமைப்புத் திரைக்குள் போய் வேகத்தைக் கூட்டும் பக்கத்தைத் தேடினேன். இல்லை. நேரம் இருந்தது, விசிறி வேகம் இருந்தது, மொழி மாற்றக்கூட வசதி இருந்தது. சிப்பின் வேகத்தைக் கூட்டும் வரி மட்டும் இல்லை.

மூன்று நாள் தேடினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மூன்று நாளும் தப்பு என்னுடையது என்றே நினைத்தேன். ஏதோ ஒரு பட்டனைத் தவறவிட்டிருக்கிறேன், ஏதோ ஒரு பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை. 'இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு' என்று அந்த ஆள் சொன்னது எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம். ஏமாற்றியவர் நிம்மதியாக வியாபாரம் செய்துகொண்டிருக்க, ஏமாந்தவள் தன் அறிவைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் வேறு எதற்கோ ஒரு சின்ன மென்பொருளை ஓட்டினேன். அது மெஷினுக்குள் இருக்கும் சாமான்களின் பெயரையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும். போர்டு என்ற இடத்தில் பெயர் 'ஏ'யில் ஆரம்பித்தது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மறுபடி பார்த்தேன். 'ஏ'தான். மெஷினை நிறுத்தி, பக்கத்து மூடியைக் கழற்றி, டார்ச் அடித்தேன். போர்டில் மாடல் பெயர் அச்சிட்டிருக்கும் இடத்தின்மேல், சரியாக அதே இடத்தின்மேல், கடையின் மஞ்சள் வாரன்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவ்வளவு பெரிய போர்டில் ஒட்டுவதற்கு அவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. 'கிழித்தால் வாரன்டி செல்லாது' என்று அதில் எழுதியிருந்தது. முதலில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். பிறகு நகத்தால் நெம்பி உரித்தேன். அடியில் 'ஏ' இருந்தது.

கடைக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சார் கிட்ட குடுங்க மேடம்."

"அவர் கடலுக்குப் போயிருக்கார். வாங்கினது நான், என்கிட்ட பேசுங்க."

"சார் வந்ததும் பேசச் சொல்லுங்க." வைத்துவிட்டார்.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "நாளைக்கே போலாம்" என்றார். ஆனால் மறுநாள் ஏரியில் அவருக்குப் பாடு. ஏரியில் யார் என்றைக்கு எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள், அதைத்தான் பாடு என்போம். ஒரு முறை தவறினால் அடுத்தது வரக் காத்திருக்க வேண்டும். அவர் அதை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

"வேணாம்" என்றேன். "அந்தாளுக்காக ஒரு பாடு போகணுமா? நான் போறேன்."

"தனியாவா?"

"தனியாத்தான். அப்பதான் அந்தாளு என்னப் பாத்துப் பேசியே ஆகணும்."

"திட்டாத. கத்தாத. ஒக்காந்துக்க. எந்திரிக்காத" என்றார். மீன் ஏலத்தில் விலை படியாதபோது அவர் செய்வது அதுதான்.

போர்டைப் பழைய போர்வையில் சுற்றி, பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அது கண்ணில் தெரிந்தது. ஆனாலும் வேறு ஒருவருக்கு விலை சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினார். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கே மேடம்."

"அதுக்கு அடியிலதான் நீங்க குடுத்த போர்டோட பேர் இருந்துச்சி. நான் கேட்டது பி. பில்லுல பி. பெட்டியில பி. உள்ள ஏ."

"நாங்க குடுத்தது பிதான். வீட்டுக்குப் போனப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? யார்னா மாத்தியிருக்கலாம்."

"யாரு மாத்துவாங்க? என் வீட்ல போர்டு கடையா வெச்சிருக்கேன்?"

அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், மற்றவர்களுக்கும் கேட்கும்படி. "பாருங்க மேடம், இதெல்லாம் எலெக்ட்ரானிக்ஸ். உங்க பக்கம் உப்புக் காத்து. மீன் கையோட எடுத்து, அங்க இங்க தொட்டு, என்னென்னமோ பண்ணிட்டு, இப்ப வந்து மாத்திக் குடுன்னா எப்படி?"

கடையில் இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் லேசாகத் தள்ளி நின்றார். அல்லது தள்ளி நின்றதாக எனக்குத் தோன்றியது. நான் மீன் கழுவுகிறவள்தான். அதே கையால்தான் இந்த மெஷினைத் திருகாணி திருகாணியாகப் பூட்டினேன், முதல் முயற்சியில் ஓடியது. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, கல்லாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. பில்லை எடுத்து மடியில் விரித்தேன். போர்டின் பெயருக்கு எதிரே நீல மையில் குட்டி எழுத்தில் சீரியல் நம்பர். போர்டைத் திருப்பினேன். ஓரத்தில் கம்பெனி ஒட்டிய சின்னச் சீட்டில் ஒரு சீரியல் நம்பர். பெட்டியின் மேல் இன்னொன்று. பெட்டியின் நம்பர் வேறு. பில்லில் இருந்த நம்பரும் போர்டின் நம்பரும் ஒன்று.

ஒரு நிமிடம் எனக்கே நம்ப முடியவில்லை. மறுபடி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு எழுந்திருக்காமல், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, உரக்கக் கேட்டேன்.

"அண்ணா, இந்தப் பில்லு உங்களுதுதானே?"

"ஆமா மேடம், அதுக்கென்ன?"

"இதுல போர்டு சீரியல் நம்பர் எழுதினது உங்க கடையிலதானே?"

"ஆமா."

"நான் படிக்கிறேன், நீங்க இந்தப் போர்டுல பாருங்க." படித்தேன். ஓர் எழுத்து, ஓர் எண், நிறுத்தி நிறுத்தி. "வீட்ல நான் மாத்தியிருந்தா, நான் மாத்தப்போற போர்டோட நம்பர் உங்க பில்லுல முன்னாடியே எப்படி வந்துச்சி?"

அவர் போர்டைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார், வாத்தியார் மாதிரித் தோற்றம். அவருக்குக் கட்டி வைத்திருந்த பெட்டியைக் கல்லாமேல் திரும்ப வைத்தார்.

"இதையும் கொஞ்சம் பிரிச்சுக் காட்டிடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கடைக்காரர் மாடியைப் பார்த்துக் கத்தினார். இறங்கி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தார், சட்டைப் பையில் நீலப் பேனா. அத்தனை பேர் முன்னால் அவரைக் கடைக்காரர் திட்டினார். "கண்ணு தெரியலையா உனக்கு? எந்தப் போர்ட எதுல வெக்கறதுன்னு தெரியாதா?" அவர் தரையைப் பார்த்து நின்றார்.

எனக்கு அதுவரை வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "அவரை எதுக்குத் திட்டறீங்க?" என்றேன். "தெரியாம மாறியிருந்தா, பேரு மேலயே ஸ்டிக்கர் எதுக்கு ஒட்டணும்?"

"நீங்க விடுங்க மேடம், இது எங்க கடை விஷயம். மாத்தித் தரேன்னு சொல்றேன்ல?" அதுவரை போர்டையும் மற்றவர்களையும் பார்த்தே பேசியவர், முதல் முறையாக நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசிய வாக்கியம் அதுதான்.

புதுப் பெட்டியை நானே பிரித்தேன். போர்டில் 'பி' இருப்பதைப் பார்த்தேன். மாடிக்குப் போகக்கூடாது, இங்கேயே என் கண் முன்னால் செய்யுங்கள் என்றேன். அந்த மாடிக்காரர் கல்லா ஓரத்தில் வைத்து மென்பொருளைப் புதுப்பித்து, சிப்பை மாற்றிப் பொருத்தினார். நிதானமான கை. சூட்டைக் கடத்தும் பசையைத் தடவுவதில்கூட அவசரம் இல்லை. கடைக்காரர் வேறு பக்கம் போன நேரத்தில், தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மன்னிச்சுக்கம்மா. அன்னிக்கு பி காலிப் பெட்டிதான் இருந்துச்சி, போர்டு ஸ்டாக் இல்ல, இதப் போடுன்னாங்க. போட்டேன்."

"நம்பர் எழுதினது நீங்கதானா?"

"ஆமா."

அதற்குள் கடைக்காரர் திரும்பி வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்து அந்த நம்பரை எழுதியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. போர்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். பழக்கத்தில் எழுதினாரா, தெரிந்தேதான் எழுதினாரா, எனக்குத் தெரியாது. ரயிலில் வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கிளம்பும் முன் போர்டைக் கடையிலிருந்த ஒரு திரையோடு இணைத்து, அமைப்புத் திரையைக் காட்டச் சொன்னேன். வேகத்தைக் கூட்டும் பக்கம் இருந்தது. மூன்று நாள் நான் தேடிய வரி, எல்லோருக்கும் தெரியும்படி முதல் பக்கத்திலேயே இருந்தது. கடைக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மவுஸைப் பெட்டிமேல் வைத்து "ஃப்ரீயா வெச்சுக்குங்க" என்றார். அதை எடுத்துக் கல்லாமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை வீட்டில் நிதானமாகச் செய்தேன். விடிந்து வெயில் ஏறும் முன், அறை குளிர்ச்சியாக இருக்கும்போது உட்காருவேன். எங்கள் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடு. பத்து மணிக்கு மேல் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். வேகத்தை ஒரு படி கூட்டுவேன். சோதனை ஓட்டுவேன். சூடு எவ்வளவு என்று நோட்டில் எழுதுவேன். பிறகு அடுத்த படி. மூன்றாம் நாள் ஒரு படியில் திரை நீலமாகி நின்றுவிட்டது. பயந்துபோனேன். சிப் பொசுங்கிவிட்டதா? பொசுங்கவில்லை. ஒரு படி இறக்கினேன், நிலையாக ஓடியது. இன்னும் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டேன், வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர் இது. ஸ்டெபிலைசரையும் மாற்றினேன்.

என்ன கிடைத்தது என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன். புதுச் சிப்பினாலேயே ஐந்து மணி நேரத்துக்கு மேல் இழுத்த வேலை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. ஓவர்க்ளாக் செய்ததால் அதில் இன்னும் ஐந்தாறு நிமிடம் குறைந்தது. கணவரிடம் சொன்னேன்.

"அஞ்சி நிமிசமா? அதுக்கா இம்மாம் சண்ட?"

"அந்த அஞ்சி நிமிசத்துக்கும் சேத்துத்தான் துட்டு குடுத்தேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

வெயில் காலத்தில் அந்த ஐந்து நிமிடமும் போயிற்று. அறைச் சூட்டில் சிப் கொதிக்கிறது என்று பார்த்து, பழைய வேகத்துக்கே இறக்கிவிட்டேன். மழை வந்ததும் மறுபடி ஏற்றினேன்.

அந்தக் கடையைப் பற்றி இணையத்தில், கருத்து எழுதும் இடத்தில், நடந்ததைத் தமிழிலேயே எழுதிப் போட்டேன். கேட்டது என்ன, கொடுத்தது என்ன, ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருந்தது, அதன் போட்டோ. மாற்றிக் கொடுத்ததையும் எழுதினேன். மாடியில் வேலை செய்பவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. மீன் கை என்று சொன்னதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார். குரல் தேனாக இருந்தது.

"மேடம், நல்லா இருக்கீங்களா? மெஷின் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது."

"அந்த ரிவ்யூவ கொஞ்சம் எடுத்துட்டா நல்லா இருக்கும் மேடம். அதான் மாத்திக் குடுத்துட்டோமே. வர்றவங்க எல்லாம் பெட்டியப் பிரிச்சுக் காட்டு, பிரிச்சுக் காட்டுங்கறாங்க. வியாபாரம் பண்ண முடியல."

"பிரிச்சுக் காட்டுங்க. அதுல இன்னா கஷ்டம்?"

"மேடம், ஒரு ரிக்வெஸ்ட்டா கேக்கறேன்."

"நான் எழுதினதுல எந்த வரி பொய், சொல்லுங்க. அந்த வரிய எடுத்துடறேன்."

அவருக்குப் பின்னால் யாரோ விலை கேட்பது கேட்டது.

"பொய்னு சொல்லல மேடம்..."

"அப்ப இருக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வைத்த பிறகும் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பயமில்லை, கோபம்தான். மெஷினில் காட்டூர்க் கல்யாணம் ஒன்று பாதி வெட்டிய நிலையில் காத்திருந்தது. பெண்ணை அழைத்து வரும் காட்சி. உட்கார்ந்து மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி திரையில் ஆடியது. எழுந்து போய், மதியத்துக்கு வாங்கி வைத்திருந்த கெளுத்தி மீனைக் கழுவி, துண்டு போட்டு, மஞ்சள் தடவி வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் கை ஆடாமல் நின்றது.